முற்றத்துப் பள்ளிகள் மூன்று

வைகாசி பிறந்துவிட்டால் இப்பகுதிக்கு வரும் கடிதங்களில் பாதி ஒரே வினாவைத் தாங்கி வருவது வழக்கம். "குழந்தைக்கு மூன்று வயது நிரம்பிவிட்டது. எங்கே விடலாம்?" என்பதே அவ்வினா. தாயகத்தில் வாழ்ந்திருந்தால் இவ்வினா இத்துணை விரைவில் எழுந்திராது. அங்கே பாட்டியின் மடி உண்டு. அத்தை வீட்டுத் திண்ணை உண்டு. தெரு நிறைய ஒத்த வயதுப் பிள்ளைகள் உண்டு. பிழைப்பை நாடி வெளி மாநிலங்களில் வந்து குடியேறிய நம்மில் பலருக்கோ ஓர் அறையும் ஓர் அடுப்பும்தான் வீடு. தந்தை விடியலில் வேலைக்குப் புறப்பட்டுவிட்டால், தாய் மாவரைப்பாளா, தண்ணீருக்கு நிற்பாளா, குழந்தையைப் பார்ப்பாளா? ஆகவே, மூன்று வயதுக் குழந்தையைப் பகலில் சில மணி நேரம் யாரிடம் ஒப்படைப்பது என்பது நம் குடும்பங்களில் படிப்பைப் பற்றிய வினா மட்டுமன்று. பிழைப்பைப் பற்றிய வினாவும் ஆகும்.

தனியார் நடத்தும் நர்சரிகளைப் பற்றி இப்பகுதியில் முன்னரே எழுதியுள்ளோம். இத்திங்கள் பொதுப் பள்ளிகளை, அதாவது அரசாங்கமும் நகராட்சியும் சின்னஞ்சிறாருக்காக நடத்துபவற்றை, எடுத்துக்கொள்கிறோம். அதற்கு முன், நாம் செய்த பிழை ஒன்றை வாசகர் முன் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதை மறைத்துவிட்டுப் பிறருக்கு அறிவுரை கூறுவது முறையாகாது.

சென்ற ஆண்டு இதே பகுதியில், "குழந்தை பள்ளியில் விரைவில் பழக வேண்டுமாயின், வீட்டிலும் அவ்வூர் மொழியையே பேசுங்கள், அல்லது இந்தியாவது பேசுங்கள்" என்று எழுதியிருந்தோம். எளிய வழி என்றெண்ணி எழுதினோம். நம் ஊரிலேயே ஒரு குடும்பம் அதை எழுத்துக்கு எழுத்து பின்பற்றியது. தந்தை தவணைக்குத் துணி விற்பவர், நாமக்கல் பக்கத்தவர். ஒரே பெண் குழந்தை, வயது நான்கு. தாயும் தந்தையும் தமக்கே சரிவர வாராத இந்தியில், அரைகுறைச் சொற்களால், அக்குழந்தையோடு பேசத் தொடங்கினர். பள்ளியில் அவள் வாய் திறக்கவில்லை. தீபாவளி கழிந்தது, அப்போதும் திறக்கவில்லை. மெல்ல மெல்ல வீட்டிலும் பேச்சு குறைந்தது. கை நீட்டிக் காட்டுவாள், அழுவாள், அவ்வளவே. "பிள்ளை மந்தம் போலிருக்கிறது" என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். தை மாதம் முடிந்ததும் அவளை ஊரில் பாட்டியிடம் கொண்டுபோய் விட்டுவிடுவது என்று தந்தை முடிவு செய்து, இரயில் சீட்டும் எடுத்துவிட்டார்.

அப்போது அத்தாய் நம் வீட்டுக்கு வந்தார். கையில் நமது பத்திரிகையின் அந்தப் பழைய இதழ் இருந்தது. "நீங்க எழுதினபடிதானுங்களே நடந்தோம்?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, உண்மையிலேயே விடை வேண்டித்தான் கேட்டார். நம்மிடம் விடை இல்லை.

அன்றே நாம் இரண்டு காரியங்களை மேற்கொண்டோம். முதலாவது, "இன்று முதல் வீட்டில் தமிழே பேசுங்கள், நாம் எழுதியதை மறந்துவிடுங்கள்" என்று அவர்களிடம் வேண்டிக்கொண்டது. இரண்டாவது, ஊரிலுள்ள பொதுப் பள்ளிகளை நேரிலே சென்று பார்ப்பதென்று தீர்மானித்தது. அத்தாயையும், சங்கத்தைச் சேர்ந்த மற்றொரு தாயையும் உடனழைத்துக்கொண்டு, ஒவ்வொரு பள்ளியிலும் மூன்று காலைப் பொழுதுகளைக் கழித்தோம். ஊருக்குக் கொண்டுபோகும் நாளைத் தந்தையும் சற்றே தள்ளி வைத்தார்.

நாம் வாழும் ஊர் மகாராஷ்டிரத்தில் இருப்புப்பாதைச் சந்திப்பு ஒன்றை ஒட்டிய சிற்றூர். இருப்புப்பாதை ஊழியர், இட்லிக் கடை வைத்திருப்போர், கட்டட வேலையினர், தவணை வியாபாரிகள் எனத் தமிழ்க் குடும்பங்கள் பல உண்டு; ஆயினும் தமிழ்ப் பள்ளி நடத்துமளவுக்கு எண்ணிக்கை இல்லை. மும்பையில் மாநகராட்சியே தமிழ்வழிப் பள்ளிகளை நடத்துகிறது. சிற்றூரில் வாழ்பவர்க்கு அவ்வாய்ப்பு இல்லை. நமக்குக் கிடைத்தவை மூன்று: மத்திய அரசாங்கப் பள்ளியொன்றில் உள்ள பால்வாடிகா வகுப்பு, நகராட்சித் தொடக்கப் பள்ளியோடு சேர்ந்த பாலவாடி, குடியிருப்புக்குள்ளேயே இருக்கும் அங்கன்வாடி.

இவற்றின் வரலாற்றைச் சிறிது கூறிவிட்டு மேலே செல்வோம். சிறு குழந்தைகளுக்கெனத் தனிப் பள்ளி வேண்டும் என்னும் எண்ணம் இந்நாட்டில் வேரூன்றிய இடங்களுள் ஒன்று குஜராத்திலுள்ள பாவநகர். அங்கே 1920-இல் கிஜுபாய் பதேகா பாலமந்திரம் ஒன்றைத் தொடங்கினார். அவருடன் சேர்ந்து உழைத்த தாராபாய் மோடக் என்னும் மராட்டிய அம்மையார், 1945-இல் மகாராஷ்டிரக் கடற்கரையிலுள்ள போர்டி என்ற ஊரில் ஏழைக் குழந்தைகளுக்காகப் பாலவாடி தொடங்கினார். பின்னர் கோஸ்பாட் மலைப் பகுதியில் அவர் தம் பணியைத் தொடர்ந்தார். அனுதாய் வாக் அவருக்கு உறுதுணையாக நின்றார். பழங்குடிப் பிள்ளைகள் பள்ளிக்கு வரவில்லை. "பிள்ளைகள் வாராவிட்டால் பள்ளியே அவர்களிடம் போகட்டும்" என்பது போல அவ்விருவரும் குடிசைகளின் முற்றத்திலேயே பாடம் நடத்தினர். அங்கண் என்றால் முற்றம். நம் அகராதிகளிலும் அங்கணம் என்பதற்கு முற்றம் என்ற பொருள் உண்டு. வாடி என்பதும் நமக்குப் புதிதன்று; விறகுவாடி, மரவாடி என்று நாமும் வழங்குகிறோம். ஆக, அங்கன்வாடி என்பது முற்றத்துப் பள்ளி. 1975 அக்டோபர் 2-ஆம் நாள் மத்திய அரசாங்கம் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தை 33 வட்டாரங்களில் தொடங்கியபோது, அங்கன்வாடி என்னும் பெயர் நாடெங்கும் பரவியது. இன்று ஏறத்தாழ 14 இலட்சம் அங்கன்வாடிகள் உள்ளன.

பால்வாடிகா வகுப்போ மிகவும் இளையது. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, மூன்று வயது முதல் எட்டு வயது வரையுள்ள ஐந்தாண்டுகளை அடித்தளப் பருவம் என்று வகுத்தது. அதன்பின், 2022 முதல், மத்திய அரசாங்கப் பள்ளிகள் சிலவற்றில் இவ்வகுப்புகள் தோன்றலாயின.

இனி நாம் கண்டவற்றைக் கூறுவோம்.

முதலில் பால்வாடிகாவுக்குச் சென்றோம். கட்டடத்தைக் கண்டதும் உடன் வந்த தாய்மாரின் முகம் மலர்ந்தது. அகன்ற அறை, குழந்தையின் உயரத்துக்கேற்ற நாற்காலிகள், மரத்துண்டுகள், பொம்மைகள், படப் புத்தகங்கள், தண்ணீர் வரும் தூய கழிப்பிடம். ஆசிரியை பயிற்சி பெற்றவர். குரலை உயர்த்தாமல் பேசுகிறவர். இந்தியும் ஆங்கிலமும் கலந்து பாட்டும் ஆட்டமுமாக மூன்று மணி நேரம் போவதே தெரியவில்லை. அங்கே இருப்புப்பாதை ஊழியர் ஒருவரின் மகன் பயில்கிறான், தமிழ்ப் பிள்ளை. துடிப்பாக இந்தி பேசுகிறான். அவனைக் கண்டு மகிழ்ந்தோம். ஆனால் அவன் தமிழ்ப் பிள்ளை என்பது ஆசிரியைக்குத் தெரியாது. நாம் சொன்னபோதுதான் வியப்போடு தெரிந்துகொண்டார். வீட்டில் அவன் பாட்டியுடன் பேசுவதில்லை என்று பின்னர் அறிந்தோம். பாட்டிக்கு இந்தி வராது.

மற்றொரு குறையும் உண்டு. அது அப்பள்ளியின் குறையன்று, விதியின் அமைப்பு. அப்பள்ளியில் இடங்கள் சில, விண்ணப்பங்கள் பல. இடமாற்றத்துக்கு உட்பட்ட மத்திய அரசாங்க ஊழியரின் பிள்ளைகளுக்கே முதலுரிமை. அவர்களுக்கென ஏற்பட்ட பள்ளியில் அது நியாயமே. எஞ்சிய இடங்களுக்குக் குலுக்கல். தவணை வியாபாரியின் மகளுக்கும் கட்டட வேலையினரின் மகனுக்கும் அக்குலுக்கலில் சீட்டு விழுவது அரிது. கிடைத்தவர்கள் மகிழ்ச்சியோடு சேர்க்கலாம். கிடைக்கும் என்று நம்பி ஓராண்டை வீணாக்க வேண்டா.

இரண்டாவதாக நகராட்சிப் பாலவாடி. துணி வியாபாரியின் குழந்தை அதுவரை பயின்று வந்தது இங்கேதான். கட்டணம் இல்லை, வீட்டுக்கு அண்மை, அதே கட்டடத்தில் முதல் வகுப்பும் இருப்பதால், பின்னர் புதிய இடம் என்ற அச்சமும் இல்லை. இவை சிறு நன்மைகள் அல்ல. ஆயினும் ஒரே அறையில் நாற்பதுக்கு மேற்பட்ட குழந்தைகள், ஒரே ஆசிரியை. கரும்பலகையில் மராத்தி எழுத்து. பிள்ளைகள் அதைப் பார்த்துப் பலகையில் எழுத வேண்டும். நான்கு வயதுக் குழந்தையின் விரல்கள் எழுதுகோலை இறுகப் பற்றும் அளவுக்கு இன்னும் முதிர்ந்திருப்பதில்லை. களிமண் பிசைந்தும், மணி கோத்தும், மணலில் கிறுக்கியும் கை பழகிய பின்னரே எழுத்து வர வேண்டும். 2022-இல் வெளியான அடித்தளப் பருவத்துக்கான தேசியக் கலைத்திட்டமும் விளையாட்டின் வாயிலாகவே கற்பிக்க வேண்டும் என்கிறது.

இதைத் தாழ்ந்த குரலில் ஆசிரியையிடம் கேட்டோம். அவர் வருத்தத்தோடு சொன்ன மறுமொழி நம்மைச் சிந்திக்க வைத்தது. "நான் விளையாட விட்டால் பெற்றோர் வந்து சண்டையிடுகிறார்கள். இன்றைக்கு என்ன எழுதினாள் என்று கேட்கிறார்கள்" என்றார். உடன் வந்த தாய்மார் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். நாமும் தலைகுனிந்தோம். பலகையை நிரப்பினால்தான் படிப்பு என்று எண்ணுகிறவர்கள் நாமே அல்லவா? நாற்பது பேர் நடுவே பேசாத குழந்தை தொல்லை தருவதில்லை. ஆகவே அது மூலையில் அமைதியாக உட்கார்ந்திருக்கும். யாரும் அதைத் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். நம் குழந்தைக்கு நேர்ந்தது அதுவே. ஆசிரியையைக் கொடியவர் என்று சொல்ல நமக்கு வாய் வரவில்லை; அவருக்கு இரண்டு கைகள்தாமே உள்ளன!

மூன்றாவதாக அங்கன்வாடி. உண்மையைச் சொன்னால் இங்கே செல்ல நமக்கே மனம் இல்லை. வாடகைக்கு எடுத்த ஒரே அறை, ஒரே பலகணி, கழிப்பிடத்தில் தண்ணீர் இல்லை, வாளியில் கொணர்ந்து வைத்திருந்தார்கள். விளையாட்டுப் பொருள்கள் சில உடைந்திருந்தன. பணியாளரான அம்மையாரைப் பிள்ளைகள் "தாயி" என்று அழைக்கிறார்கள். மராத்தியில் அக்காளை அவ்வாறு அழைப்பர். சமைக்கவும் பிள்ளைகளை அழைத்து வரவும் துணையாக இன்னொரு பெண்மணி. பாயில் இருபது குழந்தைகள்.

முதல் நாள் அம்மையார் நம் குழந்தையைப் பார்த்தார். பெயரைக் கேட்டார். அவள் பேசவில்லை. "பேசு, பேசு" என்று அவர் வற்புறுத்தவில்லை. தாயின் பக்கம் திரும்பி, "உங்கள் மொழியில் தண்ணீருக்கு என்ன பெயர்?" என்று கேட்டார். தாய் சொன்னார். "பசிக்கு? வலிக்கு? வெளியே போக வேண்டும் என்பதற்கு? அம்மா வந்துவிடுவாள் என்பதை எப்படிச் சொல்வீர்கள்?" ஒவ்வொன்றாகக் கேட்டு, தம் வருகைப் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் மராத்தி எழுத்திலே எழுதிக்கொண்டார். சிறிது நேரம் சென்றது. குழந்தையின் அருகில் குனிந்து, கோணலான உச்சரிப்பில், "தண்ணீ?" என்றார். குழந்தை அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். பேசவில்லை; ஆனால் தலையை அசைத்தாள். பள்ளி என்னும் இடத்தில் அவள் ஒருவருக்குக் கொடுத்த முதல் விடை அதுவே என்றார் தாய்.

அவ்வறையில் நாம் கண்ட பிறவற்றையும் சொல்ல வேண்டும். காலையில் சிற்றுணவு, பின்னர் சூடான கிச்சடி, ஒரு நாள் முளைகட்டிய பயற்றில் செய்த உசள். மாதந்தோறும் எடையும் உயரமும் பார்த்துக் குறிக்கிறார்கள். தடுப்பூசி நாளை நினைவூட்டுகிறார்கள். உணவு, முன்பருவக் கல்வி, தடுப்பூசி, உடல்நலச் சோதனை, மேல் மருத்துவத்துக்கு அனுப்புதல், தாய்மாருக்கு ஊட்டமும் நலமும் பற்றிய போதனை என ஆறு பணிகள் இத்திட்டத்தில் அடங்கும். நாம் பார்த்த மற்ற இரண்டு இடங்களிலும் இவை ஒருங்கே இல்லை. ஆனால் ஆறு பணிகளையும் செய்பவர் ஒருவரே என்பதுதான் குறை. கணக்கெடுப்பு என்றால் அவரை அழைக்கிறார்கள். போலியோ சொட்டு மருந்து என்றால் அவரே போக வேண்டும். பதிவேடும் கைப்பேசிப் பதிவும் அவர் தலையிலேயே. நாம் இருந்த மூன்று காலைகளில் ஒரு நாள் அவர் வரவில்லை. துணைப் பெண்மணி சோறு போட்டு அனுப்பிவிட்டார். பாட்டும் கதையும் அன்று இல்லை. இவ்வளவுக்கும் அவர் பெறுவது மதிப்பூதியம் என்றே கணக்கிடப்படுகிறது. ஊதியம் என்று கூட அதற்குப் பெயரில்லை.

ஆக, கட்டடத்தால் சிறந்தது முதலாவது. தொடர்ச்சியால் சிறந்தது இரண்டாவது. உணவாலும் உடல்நலக் கவனிப்பாலும் அருகாமையாலும் சிறந்தது மூன்றாவது. ஆனால், நம்மைப் போன்று மொழி பெயர்ந்து வாழும் குடும்பத்துக்கு முதன்மையான அளவுகோல் வேறொன்று என்று இவ்வொன்பது காலைகளில் கண்டுகொண்டோம். பேசாத குழந்தையை அங்கே என்ன செய்கிறார்கள் என்பதே அந்த அளவுகோல். ஏனெனில் நம் குழந்தைகள் பலர் தொடக்கத்தில் பேசமாட்டார்கள்.

இதை விளங்கிக்கொள்வது நலம். வீட்டு மொழி ஒன்றும் பள்ளி மொழி வேறொன்றுமாக இருக்கும்போது, குழந்தை சில வாரங்கள், சிலபோது சில மாதங்கள், பள்ளியில் வாய் மூடியிருப்பதுண்டு. அது மந்தமன்று. செவி வேலை செய்துகொண்டிருக்கிறது. சொற்கள் உள்ளே சேர்ந்துகொண்டிருக்கின்றன. அப்பருவத்தில் குழந்தைக்கு வேண்டியவை இரண்டு: பள்ளியில் அச்சமின்மை, வீட்டில் தங்கு தடையின்றிப் பேசும் ஒரு மொழி. வீட்டிலுள்ள தமிழையும் பிடுங்கிவிட்டு, பெற்றோருக்கே பழகாத மொழியை ஊட்டினால், குழந்தை நிற்பதற்கு ஓரிடமும் இல்லாமல் போகிறது. ஒரு மொழியில் நன்கு பேசத் தெரிந்த குழந்தை இன்னொரு மொழியைப் பற்றிக்கொள்ளும். கொடி படர ஒரு கொம்பு வேண்டும். நாம் சென்ற ஆண்டு எழுதியது அக்கொம்பைப் பிடுங்கச் சொன்னதற்கு ஒப்பாகும். அதை இப்போது முழுமையாகத் திரும்பப் பெறுகிறோம்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. வீட்டில் தமிழிலும் பேசாத குழந்தை, பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பாத குழந்தை, முன்பு பேசிய சொற்களை இழந்துவிட்ட குழந்தை ஆகியோரை மௌனப் பருவம் என்று சொல்லி விட்டுவிடலாகாது. செவியையும் வளர்ச்சியையும் மருத்துவரிடம் சோதிக்க வேண்டும். 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தை நலத் திட்டத்தின்படி மருத்துவக் குழுவினர் ஆண்டுக்கு இருமுறை அங்கன்வாடிக்கு வந்து குழந்தைகளைப் பார்க்க வேண்டும். குறை தெரிந்தால் மாவட்ட மையத்துக்கு அனுப்புவார்கள். வீட்டிலும் பேச்சுக் குறைந்திருந்தமையால் நம் குழந்தையையும் அவ்வாறு சோதிக்கச் செய்தோம். செவியில் குறை ஏதும் இல்லை.

பள்ளியைப் பார்க்கச் செல்லும் தாய்மார் கவனிக்க வேண்டியவற்றைச் சுருக்கமாகக் கூறுவோம். சுவரின் வண்ணத்தைப் பார்க்க வேண்டா. ஒன்று, குழந்தை அழுதால் யார், எவ்வளவு நேரத்தில் அருகே வருகிறார் என்று பாருங்கள். இரண்டு, ஒரு பெரியவருக்கு எத்தனை குழந்தைகள் என்று எண்ணுங்கள். மூன்று, கழிப்பிடத்தையும் குடிநீர்ப் பானையையும் நேரிலே பாருங்கள். அச்சத்தாலோ அருவருப்பாலோ அடக்கிக்கொள்ளும் குழந்தைக்கு நோய் வரும். நான்கு, பிள்ளைகள் எவ்வளவு எழுதுகிறார்கள் என்று பார்க்காமல், எவ்வளவு பேசுகிறார்கள் என்று பாருங்கள். ஆசிரியையின் குரல் மட்டுமே கேட்கும் அறை நல்ல அறையன்று. ஐந்து, உங்கள் மொழியைச் சேர்ந்த ஐந்து சொற்களைச் சொல்லுங்கள். அவற்றை எழுதிக்கொள்கிறாரா, சிரித்துவிட்டுப் போய்விடுகிறாரா என்று பாருங்கள். அவர் கேளாவிட்டாலும் ஒரு தாளில் அவ்வூர் எழுத்திலே எழுதிக் கொடுங்கள்.

"நமக்கு இம்மாநிலத்துக் குடும்ப அட்டை இல்லையே, அங்கன்வாடியில் சேர்ப்பார்களா?" என்று பலர் கேட்கிறார்கள். அட்டை இல்லை என்பதால் குழந்தையைத் திருப்பி அனுப்பலாகாது. 2006 டிசம்பர் 13-ஆம் நாள் உச்ச நீதிமன்றம், ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் அனைவருக்கும் இத்திட்டத்தின் பணிகள் சென்று சேர வேண்டும் என்று ஆணையிட்டது. 2013-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம், ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைக்கு அங்கன்வாடி வழியாக விலையின்றி உணவு தருவதை உரிமையாக்கியது. அது இரக்கத்தால் இடும் சோறன்று. சட்டம் தந்த சோறு. நாற்பது குழந்தைகள் இருந்தும் அங்கன்வாடி இல்லாத சிற்றூரினரும் குடிசைப் பகுதியினரும் கேட்டால், மூன்று மாதத்துக்குள் ஒன்று அமைத்துத் தர வேண்டும் என்பதும் அதே நீதிமன்ற ஆணையில் உண்டு. செங்கற்சூளையருகிலும் கட்டட வேலைத் தலங்களிலும் கூட்டமாகத் தங்கியுள்ள நம்மவர் இதை அறிந்திருப்பது நலம். ஊர் மாறும்போது, பழைய அங்கன்வாடியில் சொல்லி, எடை குறித்த அட்டையையும் தடுப்பூசி அட்டையையும் கையோடு வாங்கிச் செல்லுங்கள்.

நம் சங்கக் கூட்டத்தில், சங்க மண்டபத்திலேயே தமிழ் நர்சரி ஒன்றைத் தொடங்கலாம் என்ற யோசனை சென்ற திங்கள் வந்தது. தமிழ்ப் பற்றால் எழுந்த யோசனை, அதை மதிக்கிறோம். ஆயினும் நாம் அதற்கு உடன்படவில்லை. ஆசிரியைக்கு ஊதியம், குழந்தைக்கு உணவு, கழிப்பிடம், பாதுகாப்பு ஆகிய இவற்றை ஆண்டு முழுவதும் தாங்கச் சங்கத்துக்கு வலிமை இல்லை. அதனினும் மேலாக, நம் பிள்ளைகள் அடுத்த வீட்டு மராத்திப் பிள்ளைகளோடு ஒரே பாயில் உட்கார்ந்து உண்ண வேண்டும் என்பது நம் கருத்து. அவர்கள் வாழப்போவது அவர்களோடுதானே? சங்கம் செய்யக்கூடியது வேறு. ஞாயிறு மாலை ஒரு மணி நேரம் மண்டபத்தைத் திறந்து, பாட்டிமாரை அழைத்து, பிள்ளைகளுக்குத் தமிழிலே கதை சொல்லச் செய்யலாம். அங்கன்வாடியின் கழிப்பிடத்துக்குக் குழாய் போட்டுக் கொடுக்கலாம், செலவு பெரிதன்று. மாதம் ஒருமுறை நம் தாய்மாருள் ஒருவர் அங்கே சென்று, பிள்ளைகள் அனைவருக்கும் ஒரு தமிழ் விளையாட்டைச் சொல்லிக் கொடுக்கலாம். முதல் இரண்டும் சென்ற கூட்டத்தில் ஏற்றுக்கொள்ளப்பட்டன என்பதை மகிழ்ச்சியோடு தெரிவிக்கிறோம்.

இனி, அக்குழந்தையைப் பற்றி அறிய வாசகர் விரும்புவர். மாசி மாதத்தில் அவள் அங்கன்வாடிக்குச் செல்லத் தொடங்கினாள். வீட்டில் தமிழ் திரும்பியது. முதலில் அம்மாவோடு, பின்னர் அப்பாவோடு. பங்குனியில் ஒரு நாள், கிச்சடி வாங்கும் வரிசையில் நின்றபோது, "தாயி" என்று அழைத்துத் தட்டை நீட்டினாளாம். அக்கா என்னும் பொருளில் அழைத்தாள் என்று அவ்வம்மையார் மகிழ்ந்தார். அதைக் கேட்ட தாயோ, அம்மா என்னும் பொருளில்தான் அழைத்திருப்பாள் என்கிறார். நாம் இருவரையும் மறுக்கவில்லை.

இன்னும் அவள் அதிகம் பேசுவதில்லை. அதில் அவசரமும் இல்லை. தந்தை எடுத்திருந்த இரயில் சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பிடித்தம் போக மீதிப் பணம் வந்தது. பிள்ளை பெற்றோருடனேயே இருக்கிறாள்.

அடுத்த திங்கள், உங்கள் ஊர்களில் நீங்கள் கண்ட பொதுப் பள்ளிகளைப் பற்றி எழுதியனுப்புங்கள். நாம் எழுதியதில் பிழை இருந்தால் அதையும் தயங்காமல் எழுதுங்கள். ஒரு தாய் பழைய இதழைக் கையில் எடுத்துக்கொண்டு நம் வாசலுக்கு வந்திராவிட்டால், நாம் இன்றும் அதே பிழையையே எழுதிக்கொண்டிருப்போம்.